நாலு பேர் எழுதும் கோடு (நிரல்): டேப், ஸ்பேஸ், ஃபார்மேட்டர்

கேள்வி | 8 ஜூன் 2024, மாலை 6.20

நாங்கள் நாலு பேர் ஒரே ரெப்போவில் (கோடு முழுவதும் இருக்கும் கிடங்கில்) வேலை செய்கிறோம். பின்பக்கம் பைத்தான், முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். வரியை உள்தள்ள ஒருவர் டேப், மற்ற மூவர் ஸ்பேஸ். அந்த மூவரிலும் ஒருவர் இரண்டு ஸ்பேஸ், மற்ற இருவர் நாலு. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் (என் மாற்றத்தைப் பார்த்துச் சேருங்கள் என்ற கோரிக்கையிலும்) இதே பஞ்சாயத்துதான். "கோடு ஓடுகிறதல்லவா, அவரவர் இஷ்டத்துக்கு எழுதட்டும்" என்கிறார் லீட். ஃபார்மேட்டர் (கோடின் இடைவெளிகளையும் வரி அமைப்பையும் தானாகச் சீராக்கும் கருவி) வைத்து மொத்தத்தையும் ஒரே நாளில் ஃபார்மேட் செய்துவிடலாம் என்பது என் எண்ணம். மூன்று வருட ஹிஸ்டரி பாழாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். செய்யலாமா, வேண்டாமா?

பதில் | 8 ஜூன் 2024, இரவு 9.40

செய்யுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் நகைக்கடன் வட்டி கணக்குப் போடும் ஒரு மென்பொருளில் வேலை செய்தேன். 15 நாளுக்குள் நகையைத் திருப்பினால் அரை மாத வட்டி, அதைத் தாண்டினால் முழு மாத வட்டி. கோடில் அது ஒரே ஒரு வரி: நாள் 15 அல்லது அதற்குக் குறைவு என்றால் அரை மாதம்.

எங்கள் குழுவில் ஒருவர் விண்டோஸ் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து ஏதோ மாற்றிச் சேமித்தார். அவருடைய எடிட்டர் எல்லா வரிகளின் கடைசியிலும் எல்எஃப்பை எடுத்துவிட்டு சிஆர்எல்எஃப் போட்டுவிட்டது (இரண்டுமே வரி முடிவைக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத குறிகள்). டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிடும் காட்சியில்) நீக்கியதாக 1,140 வரி சிவப்பு, சேர்த்ததாக 1,140 வரி பச்சை. இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒரே மாதிரி. "லைன் எண்டிங் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை" என்று நினைத்து அப்ரூவ் கொடுத்தவன் நான்.

அந்த 1,140 வரிக்குள் "15 அல்லது அதற்குக் குறைவு" என்பது "15ஐவிடக் குறைவு" என்று ஆகியிருந்தது. வைக்கோல்போரில் விழுந்த ஊசி. சரியாகப் பதினைந்தாவது நாள் வந்து நகையைத் திருப்பிய ஒரு அம்மா, ரசீதை விரித்துக் காட்டி, "போன தடவையும் பதினைந்து நாள்தானே, அப்போது இவ்வளவு வாங்கவில்லையே" என்று கவுண்டரில் கேட்டார். அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் இன்னும் பத்துப் பேரிடம் அதிக வட்டி வாங்கியாகிவிட்டது. ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஃபார்மேட்டிங் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அந்த ரசீதுதான். டிஃப்பில் தெரிகிற ஒவ்வொரு வரியும் யாரோ யோசித்து மாற்றிய வரியாக இருக்க வேண்டும். இருந்தால்தான் படிப்பவர் ஒழுங்காகப் படிப்பார்.

8 ஜூன் 2024, இரவு 10.25

"ஸ்பேஸ் மாற்றங்களை மறைத்துவிட்டுப் பார்த்திருக்கலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. கிட்டின் (கோடின் மாற்றங்களைப் பதிவு வைக்கும் கருவியின்) டிஃப் கட்டளையோடு மைனஸ் டபிள்யூ (-w) போட்டால் வெற்றிடம் மட்டும் மாறிய வரிகள் காணாமல் போகும், சிஆர்எல்எஃப் வேறுபாடும் சேர்ந்தே போகும். கிட்ஹப்பிலும் அதற்கு ஒரு டிக் இருக்கிறது. அன்று அதைப் போட்டிருந்தால் அந்த ஒரு வரி மட்டும் பளிச்சென்று நின்றிருக்கும்.

ஆனால் பைத்தானில் அதை மட்டும் நம்பி அப்ரூவ் கொடுக்காதீர்கள். அங்கே உள்தள்ளல்தான் அர்த்தம். இஃப் என்ற நிபந்தனைக்குள் இருந்த வரி நாலு ஸ்பேஸ் இடது பக்கம் நகர்ந்து வெளியே வந்தால் நிரலே மாறிவிட்டது. மைனஸ் டபிள்யூ அதையும் மறைத்துவிடும்.

9 ஜூன் 2024, காலை 7.10

எந்த டூல் என்று கேட்டிருக்கிறீர்கள். பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர். இரண்டையும் அதனதன் இயல்பு அமைப்பிலேயே விடுங்கள்.

கோ மொழி 2009 நவம்பரில் வெளிவந்தபோதே கோஃபம்ட் என்ற ஃபார்மேட்டரும் கூடவே வந்தது. எத்தனை ஸ்பேஸ், எங்கே அடைப்புக்குறி என்று அதில் மாற்றுவதற்கு ஒரு திருகுகூட இல்லை. அதனால் உலகத்தில் யார் எழுதிய கோ நிரலைத் திறந்தாலும் முகம் ஒன்றுதான். மற்ற மொழிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஏங்கினார்கள். 2017 ஜனவரியில் ஜேம்ஸ் லாங் பிரிட்டியரை வெளியிட்டார். 2018 மார்ச்சில் லூகாஷ் லாங்கா பிளாக்கை வெளியிட்டார். இரண்டிலும் விருப்பத் தேர்வுகளை வேண்டுமென்றே குறைவாக வைத்தார்கள்.

பிளாக்கின் வரி நீளம் 88. பைத்தானின் பெப் 8 வழிகாட்டி 2001இல் சொன்னது 79. லினக்ஸ் கெர்னல்காரர்கள் 80ஐக் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள். 2020இல் அவர்களுடைய பேட்ச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் எச்சரிக்கை எல்லையை 100க்கு ஏற்றியது. எண்பது என்ற எண் ஐபிஎம்மின் துளை அட்டையில் இருந்த 80 பத்திகளிலிருந்து வந்தது, அந்த அட்டை 1928ஆம் வருடத்தது. எந்த எண்ணை எடுத்தாலும் நாலு பேரும் உட்கார்ந்து விவாதிக்காதீர்கள். எங்கள் குழு 88ஆ 100ஆ என்று ஒரு மதியம் முழுவதும் பேசியது. முடிவில் 88. அடுத்த வாரம் யாருக்கும் அது ஞாபகமே இல்லை.

பயம் வேண்டாம் என்பதற்கு இன்னொன்று: பிளாக் கோப்பில் எழுதுவதற்கு முன், பழைய நிரலின் தொடரியல் மரத்தையும் (நிரலின் அர்த்த அமைப்பையும்) புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வேறுபட்டால் கோப்பைத் தொடாமல் பிழை சொல்லி நின்றுவிடும்.

9 ஜூன் 2024, காலை 7.30

ஃபார்மேட்டரின் பதிப்பு எண்ணைப் பூட்டுங்கள். இதைச் சொல்லாமல் விட்டது தப்பு.

முன்பு ஒரு சி++ திட்டத்தில் என் கணினியில் கிளாங்-ஃபார்மட் என்ற ஃபார்மேட்டரின் ஒரு பதிப்பு, பக்கத்து மேஜையில் இன்னொரு பதிப்பு. அமைப்புக் கோப்பு ஒன்றே. நான் சேமித்தால் ஒரு மாதிரி, அவர் சேமித்தால் வேறு மாதிரி. மூன்று நாள் ஒருவர் கமிட்டை (பதிவு செய்த மாற்றத்தை) இன்னொருவர் கலைத்துக்கொண்டே இருந்தோம். ஃபார்மேட்டர் இல்லாத காலமே தேவலை என்று தோன்றியது.

பிரிட்டியரிலும் இது உண்டு. 2020இல் வந்த 2.0 பதிப்பில் வரி முடிவு இயல்பாகவே எல்எஃப் ஆனது. 2023இல் வந்த 3.0 பதிப்பில், பல வரிகளாகப் பிரியும் பட்டியல்களின் கடைசிக் கமா எல்லா இடத்திலும் வரும்படி ஆனது. (நல்ல மாற்றம் அது. பட்டியலில் ஒரு உருப்படி சேர்த்தால் டிஃப்பில் ஒரே வரிதான் மாறும். முந்தைய வரிக்குக் கமா போட்டதற்காக அதுவும் சேர்ந்து சிவக்காது.) பதிப்பை ஏற்றும்போது தனிக் கமிட்டாக ஏற்றுங்கள், எல்லோருக்கும் ஒரே நாளில்.

ஜாங்கோ (வலைத்தளம் கட்ட உதவும் பைத்தான் கட்டமைப்பு) குழு எப்படிச் செய்தது என்று பாருங்கள். பிளாக்குக்கு மாறலாம் என்று 2019இலேயே முடிவெடுத்துவிட்டார்கள். பிளாக் பீட்டா நிலையை விட்டு வெளியே வரட்டும் என்று காத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் அதன் முதல் நிலைப் பதிப்பு வந்தது. பிப்ரவரியில் ஜாங்கோவின் மொத்தக் கோடையும் ஓட்டிவிட்டார்கள். அவ்வளவு பெரிய திட்டமே ஒரே மூச்சில் செய்தது, உங்கள் நாலு பேர் ரெப்போ ஒரு மதியத்தில் முடியும்.

9 ஜூன் 2024, பிற்பகல் 3.05

ஹிஸ்டரி பாழாகும் என்ற பேச்சுக்கு வருகிறேன். கமிட்டுகள் எதுவும் போகாது. கெடுவது பிளேம்தான், அதாவது ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கட்டளை: எந்த வரியைக் கேட்டாலும் ஃபார்மேட் செய்தவர் பெயரே வந்து நிற்கும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23இல் இதற்கு வழி செய்துவிட்டார்கள். ஃபார்மேட் கமிட்டின் ஹேஷை (அதன் அடையாள எண்ணை) ஒரு கோப்பில் எழுதிவைத்து, பிளேமிடம் "இந்தக் கமிட்டைத் தாண்டிப் போ" என்று சொல்லலாம். கோப்புக்குக் கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ் (.git-blame-ignore-revs) என்ற வழக்கமான பெயரையே வையுங்கள்; அந்தப் பெயரில் இருந்தால் கிட்ஹப்பின் பிளேம் பக்கம் தானாகவே படித்துக்கொள்ளும். உங்கள் கணினியில் மட்டும் ஒருமுறை கான்ஃபிக்கில் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் அந்தக் கமிட்டில் ஃபார்மேட்டர் செய்தது தவிர ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. "போகிற போக்கில் இந்த ஃபங்ஷனையும் சரிசெய்துவிட்டேன்" என்று யாராவது நுழைத்தால், அந்தத் திருத்தம் பிளேமின் கண்ணிலிருந்து நிரந்தரமாக மறைந்துவிடும்.

9 ஜூன் 2024, இரவு 11.50

மேலே எழுதியதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன், சொல்லாமல் தூங்கப் போக முடியவில்லை.

ஃபார்மேட் கமிட்டையும், அதன் ஹேஷ் எழுதிய கோப்பையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் போட்டு ஸ்குவாஷ் மெர்ஜ் செய்தால், இரண்டும் சேர்ந்து புதிய கமிட்டாகிவிடும். கோப்பில் எழுதிய ஹேஷ் மெயின் கிளையில் (எல்லோருக்கும் பொதுவான முதன்மை வரிசையில்) எங்கேயும் இருக்காது. ரீபேஸ் செய்து (கமிட்டுகளை மெயினின் மேல் புதிதாக அடுக்கி) சேர்த்தாலும் ஹேஷ் மாறலாம். முதலில் ஃபார்மேட் கமிட் மட்டும் உள்ளே போகட்டும். மெயினில் அதற்குக் கிடைத்த ஹேஷை, 40 எழுத்தும் முழுதாக, இரண்டாவது புல் ரிக்வெஸ்டில் எழுதுங்கள். ஏழு எழுத்துச் சுருக்கம் செல்லாது.

12 ஜூன் 2024, மாலை 5.45

"பாதி வேலையில் இருக்கும் கிளைகளை என்ன செய்வது, எங்களிடம் ஆறு இருக்கின்றன" என்கிறீர்கள். முடிந்தவரை மெர்ஜ் செய்து முடித்துவிட்டு ஆரம்பியுங்கள். மிஞ்சியவற்றை கான்ஃபிளிக்ட் கான்ஃபிளிக்டாக (இரு பக்க மாற்றங்கள் மோதும் இடம் ஒவ்வொன்றாக) கையால் தீர்க்கக் கூடாது, பைத்தியம் பிடித்துவிடும். இப்படிச் செய்யுங்கள்:

ஃபார்மேட்டரின் அமைப்புக் கோப்பை முதலில் தனியாக மெயினில் சேர்த்துவிடுங்கள். பிறகு ஃபார்மேட் கமிட். இப்போது பழைய கிளையில், ஃபார்மேட்டுக்குச் சற்று முந்தைய கமிட்டை மெர்ஜ் செய்யுங்கள். நிஜமான மோதல்கள் மட்டும் வரும், அவற்றைத் தீருங்கள். அடுத்து ஃபார்மேட் கமிட்டை "அவர்ஸ்" (ours, எங்களுடையது) உத்தியில் மெர்ஜ் செய்யுங்கள். அதாவது கிட்டிடம் "சேர்த்ததாகக் கணக்கு வைத்துக்கொள், உள்ளடக்கம் என்னுடையதே இருக்கட்டும்" என்று சொல்கிறீர்கள். கடைசியாகக் கிளை முழுவதும் ஃபார்மேட்டரை ஓட்டிக் கமிட் செய்யுங்கள். முடிந்தது. மெயினுக்கு எதிராக டிஃப் பார்த்தால் உங்கள் உண்மையான மாற்றங்கள் மட்டும் தெரியும்.

"அவர்ஸ்" என்பது மெர்ஜ் உத்தியாக வேண்டும், அதாவது கட்டளையில் சின்ன எஸ் (-s). அதே பெயரில் பெரிய எக்ஸோடு (-X) வருவது வேறு. மோதும் இடங்களில் மட்டும் உங்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டு மற்ற இடங்களில் இரண்டையும் கலந்துவிடும்.

15 ஜூன் 2024, காலை 8.00

டேப் பழைய பழக்கம், விட்டுவிடுங்கள் என்று முன்பெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

என்னோடு வேலை செய்த ஒருவருக்குப் பார்வை குறைவு. திரையில் எழுத்தை மிகப் பெரிதாக்கித்தான் படிப்பார். மூன்று அடுக்கு உள்ளே போனால் பன்னிரண்டு ஸ்பேஸ்; திரையின் பாதி வெறுமையாகப் போய், நிரல் வலது ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். டேப் இருந்த கோப்புகளில் அதன் அகலத்தை இரண்டாக, சில நேரம் ஒன்றாகவே குறைத்துக்கொண்டு வசதியாகப் படித்தார். பிரெய்ல் காட்டியில் படிப்பவர்களுக்கும் இதே சிக்கல்: ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு கட்டத்தைத் தின்னும், டேப் என்றால் குறைவாகச் செலவாகும். அவர் ஒருநாளும் புகார் செய்ததில்லை. நானாகப் பக்கத்தில் உட்கார்ந்த அன்றுதான் பார்த்தேன்.

பைத்தானில் பிளாக் நாலு ஸ்பேஸ்தான் போடும், அங்கே பேச்சே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பிரிட்டியரில் டேப் வைக்க ஒரு தேர்வு இருக்கிறது. இயல்பு அமைப்பைத் தொடாதீர்கள் என்று நான் 9ஆம் தேதி சொன்னதற்கு இந்த ஒன்றை விலக்காகக் கொள்ளுங்கள். உங்கள் நாலு பேரில் யாருக்காவது தேவையா என்று முதலில் கேளுங்கள்.

15 ஜூன் 2024, பிற்பகல் 1.20

"மனிதர்களே பார்த்துச் சொன்னால் போதாதா, கருவி எதற்கு" என்ற பதிலுக்கு.

கல்லூரி முடித்து வந்த ஒரு பெண்ணின் முதல் புல் ரிக்வெஸ்டுக்கு நான் 37 கமென்ட் எழுதினேன். கமாவுக்குப் பின் ஸ்பேஸ் இல்லை, இங்கே ஒரு காலி வரி அதிகம், ஒற்றை மேற்கோளா இரட்டையா. எல்லாமே சரியான கமென்ட்தான். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். அவர் எழுதிய டேட்டாபேஸ் வினவல் லூப்புக்குள், ஒவ்வொரு சுற்றிலும் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் பார்க்கவில்லை. காலி வரி எண்ணியே என் கவனம் தீர்ந்துவிட்டது. அப்புறம் அடுத்த இரண்டு மாதமும் அவர் புல் ரிக்வெஸ்ட் போடுவதற்கு முன் என் மேஜைக்கு வந்து, "அண்ணா, ஒருமுறை பார்த்துவிடுகிறீர்களா, போடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார்.

அந்த 37ஐயும் கருவி ஒரு நொடியில் சத்தமில்லாமல் திருத்தியிருக்கும். நான் அந்த ஒரு லூப்பைப் பற்றி அவரோடு அரை மணி நேரம் பேசியிருக்கலாம்.

18 ஜூன் 2024, இரவு 9.15

ஆப்பிளின் எஸ்எஸ்எல் கோடில் (இணைய இணைப்பைப் பாதுகாக்கும் பகுதியில்) 2014 பிப்ரவரியில் வெளியே தெரிந்த ஓட்டையைப் பற்றி ஒருவர் நினைவூட்டினார். அடைப்புக்குறி இல்லாத இஃப்புக்குக் கீழே "கோட்டு ஃபெயில்" (goto fail, தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி இரண்டு முறை, இரண்டும் ஒரே உள்தள்ளலில். கண்ணுக்கு இரண்டும் இஃப்புக்குள் இருப்பதுபோலத் தெரியும். நிஜத்தில் இரண்டாவது வரி எப்போதும் ஓடும். சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடத்துக்கு நிரல் போகவே போகாது. ஃபார்மேட்டர் ஓட்டியிருந்தால் இரண்டாவது வரி இடது பக்கம் தள்ளி நின்று தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். 2016இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், இப்படி ஏமாற்றும் உள்தள்ளலுக்கென்றே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தது.

22 ஜூன் 2024, மாலை 4.30

தமிழ் சரங்கள் இருக்கும் கோப்புகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் நம் ஆட்கள் நிறையப் பேர் இதில் மாட்டுகிறார்கள்.

"தமிழ்" என்பதில் நாம் எண்ணினால் எழுத்து மூன்று. யூனிகோட் கணக்கில் குறியீடு ஐந்து. யூடிஎஃப்-8இல் 15 பைட். கோஃபம்ட் வரிக் கடைசியில் இருக்கும் குறிப்புகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரே அகலம் என்று வைத்துக்கொள்கிறது. தமிழ் சரம் இருக்கிற வரிகளில் அந்த நேர்கோடு கோணல்மாணலாகத்தான் தெரியும். கையால் ஸ்பேஸ் போட்டு நேராக்காதீர்கள், அடுத்த முறை சேமிக்கும்போது திரும்பக் கலைத்துவிடும். குறிப்பை மேல் வரிக்கு ஏற்றிவிடுங்கள்.

இன்னொன்றை எந்த ஃபார்மேட்டரும் சரிசெய்யாது. "கொ" என்பதில் இருக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. "கொடுமுடி" என்ற ஊரின் கடைக் கிளையைத் தேடினால் கிடைக்கவில்லை என்று ஒரு டெஸ்ட் தோற்றுக்கொண்டே இருந்தது. ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் இன்னொருவர் வேறொன்றிலும் தட்டியிருந்தார்கள். ஃபார்மேட்டர்கள் சரத்தின் உள்ளே இருக்கும் எழுத்துகளில் கை வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றிச் சரிபார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) போட்டோம்.

30 ஜூன் 2024, காலை 10.10

கையால் அடுக்கிய அட்டவணைகள் விஷயத்தில் நான் தோற்ற பக்கம்தான். வட்டி விகித அட்டவணை ஒன்று எங்கள் கோடில் இருந்தது: தொகை, காலம், விகிதம், மூன்று பத்தியாக. கணக்காளர் ஒருவர் நிரல் தெரியாமலேயே அதைத் திரையில் பார்த்துச் சரிபார்ப்பார். பிளாக் ஓட்டியதும் பத்திகள் நெளிந்துபோய், "எனக்கு இது புரியவில்லையே தம்பி" என்றார். அந்த இடத்துக்கு மட்டும் மேலே ஃபார்மேட் ஆஃப், கீழே ஃபார்மேட் ஆன் என்று குறிப்பு வரி வைத்தோம். ரெப்போ முழுவதிலும் அப்படி மூன்றே இடம். நாலாவது வந்தால் வைத்தவர் காரணம் சொல்ல வேண்டும்.

14 ஜூலை 2024, இரவு 8.40

வெள்ளிக்கிழமை மாலை செய்து முடித்துவிட்டீர்கள் என்று படித்து மகிழ்ச்சி. லீட்டே பட்டனை அழுத்தினார் என்பதில் இன்னும் மகிழ்ச்சி.

கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஹுக் (சின்னச் சோதனை ஸ்கிரிப்ட்) எல்லோர் கணினியிலும் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அதைத் தாண்டிப் போவது சுலபம். சிஐயில் "ஃபார்மேட் சரியா" என்று மட்டும் பார்க்கும் ஒரு படி இருக்கட்டும், அது தோற்றால் மெர்ஜ் கிடையாது. இப்போதே கிட் ஆட்ரிப்யூட்ஸ் (.gitattributes) கோப்பில் வரி முடிவுகளுக்கான வரியையும் சேர்த்துவிடுங்கள். என் 1,140 வரிக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும்.

20 ஜூலை 2024, காலை 9.30

ஃபார்மேட் செய்தபின் டெஸ்ட் இரண்டு தோற்கின்றன, பிளாக்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் பிளாக் இல்லை. நீங்கள் ஒட்டிய எடிட்டர்கான்ஃபிக் கோப்பை (எடிட்டர்களுக்கான பொது அமைப்பை) பார்த்தேன்: வரிக் கடைசியில் இருக்கும் ஸ்பேஸை நீக்கு என்பதை எல்லாக் கோப்புக்கும் போட்டிருக்கிறீர்கள். மின்னஞ்சலில் கையொப்பத்தைப் பிரிக்கும் இரட்டைக் கோட்டுக்குப் பின் ஒரு ஸ்பேஸ் கண்டிப்பாக வேண்டும். உங்கள் மின்னஞ்சல் வார்ப்புருவில் அது போய்விட்டது. மார்க்டவுனில் வரிக் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் இருந்தால் வரி உடைப்பு என்று அர்த்தம், ரீட்மியில் முகவரி ஒரே வரியாக ஒட்டிக்கொண்டது அதனால்தான். இந்த இரண்டு வகைக் கோப்புக்கும், டெஸ்டின் எதிர்பார்ப்பு வெளியீடுகள் இருக்கும் ஃபோல்டருக்கும் விலக்கு எழுதுங்கள். மேக்ஃபைலுக்கு (மேக் என்ற கருவி படிக்கும் கட்டளைக் கோப்புக்கு) டேப் என்று தனியாக ஒரு பிரிவும் வேண்டும். கட்டளை வரி டேப்பில் ஆரம்பிக்காவிட்டால் மேக் ஏற்காது.

பழைய வார்ப்புருவை ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தைய கமிட்டிலிருந்து எடுத்துப் போட்டால் டெஸ்ட் பச்சையாகிவிடும்.